'மூளை': வேர்ச்சொல் விளக்கமும் இனமொழிச் சான்றும்

'மூள்' என்னும் வினையடியோடு இணைத்து, எண்ணம் மூளும் இடமே மூளை என விளக்குதல் எளிது, கேட்கவும் இனிது. ஆயின் இனமொழிச் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. மலையாள 'மூள' தமிழைப் போலவே தலையினுள் அமைந்த உறுப்பைச் சுட்ட, தெலுங்கு 'மூலுக' எலும்பு மஜ்ஜையையும் கன்னட 'மூளெ' எலும்பையும் சுட்டுகின்றன. தமிழ் லெக்சிகனும் 'மூளை'க்கு மஜ்ஜை என்னும் பொருளைத் தருகிறது. எண்ணத்தோடு தொடர்பற்ற இப்பொருள்களை 'மூள்' விளக்காது. எலும்புக்குள் பொதிந்த மெல்லிய உள்ளீடு என்பதை அடிப்படைப் பொருளாகக் கொண்டால், மண்டையோட்டினுள் இருப்பதும் அதில் அடங்கும். உருசிய மொழியிலும் 'மோஸ்க்' என்னும் ஒரே சொல் மூளைக்கும், 'எலும்பு' என்னும் அடைபெற்று மஜ்ஜைக்கும் வழங்குகிறது. ஆகவே அறிவு என்னும் பொருள் உறுப்பின் பெயர்மேல் பின்னர் ஏறியதெனலே பொருந்தும். இன்றைய பொருளை வேராகக் கொள்வது சொல்லாய்வாகாது.