உலோகம் இருக்க வேண்டிய இடம்

பார்க்கர் 75 என்ற வெள்ளிப் பேனா 1963-இல் அறிமுகமானது. 1888-இல் தொடங்கிய நிறுவனத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்காக வைத்த பெயர் அது. விலை 25 டாலர். அன்றைய அமெரிக்காவிலும் ஒரு பேனாவுக்கு அது கனத்த தொகைதான். உடலும் மூடியும் 92.5 சதவீதம் வெள்ளி கலந்த ஸ்டெர்லிங். மேலே கட்டம் கட்டமாக வெட்டிய கோலம். நிறுவனரின் மகன் கென்னத் பார்க்கரிடம் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டியைப் பார்த்து அந்தக் கோலம் பிறந்தது என்பார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1715-இல் ஃப்ளோரிடா கரையோரம் புயலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களிலிருந்து மீட்ட வெள்ளியில் 4,821 பேனாக்கள் செய்து, ஒன்றை 75 டாலருக்கு விற்றார்கள். வெள்ளிக்கு இவ்வளவு மரியாதை. ஆனால் மூடியைக் கழற்றி எழுத உட்கார்ந்தால், நிப்புக்கு மேலே விரல்கள் பிடிக்கும் இடம் கறுப்புப் பிளாஸ்டிக்! மூன்று பட்டையாகச் சீவி, நழுவாமல் இருக்க வரிவரியாகக் கீறிய பிளாஸ்டிக். வெள்ளிப் பேனாக்களில் மிகப் புகழ்பெற்ற ஒன்றைச் செய்தவர்களே எழுதும் விரலுக்கு வெள்ளியைக் கொடுக்கவில்லை. விலையுயர்ந்த உலோகப் பேனாவை அன்றாடம் எழுத வாங்கலாமா என்ற கேள்விக்கு இதிலிருந்தே விடை தேடலாம். வெள்ளியா, பித்தளையா, எஃகா, டைட்டானியமா என்று பார்ப்பதைவிட, அந்த உலோகம் பேனாவின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

அன்றாட எழுத்து என்று இங்கே சொல்வது, ஒரே இருப்பில் நாலைந்து பக்கம் போகிற எழுத்தை. நாட்குறிப்பு, கட்டுரை, பாடக்குறிப்பு, கதையின் முதல் படி. கையெழுத்துப் போடுவதும் காசோலை நிரப்புவதும் வேறு வேலை. அதற்கு எந்தப் பேனாவும் போதும், உலோகப் பேனா கொஞ்சம் கம்பீரமாகவே இருக்கும்.

முதலில் எடை. பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல எட்டரை மடங்கு, வெள்ளியுடையது பத்தரை மடங்கு. எபோனைட் என்ற கெட்டி ரப்பர், அக்ரிலிக் இரண்டும் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்குக்குள் அடங்கிவிடும். சாதாரண பிளாஸ்டிக் பேனா பதினைந்து, பதினேழு கிராம் என்றால், அதே அளவுள்ள உலோகப் பேனா முப்பது கிராமைத் தொடுவது இதனால்தான். கனமான பேனா தன் எடையாலேயே தாளை அழுத்துகிறது, விரல் அழுத்த வேண்டியதில்லை, ஆகவே கை சோராது என்று ஒரு வாதம் உண்டு. பால்பாயிண்ட் பேனாவுக்கு அது பொருந்தும். அங்கே குண்டு உருள அழுத்தம் தேவை. மைப்பேனாவில் நிப்பு தாளைத் தொட்டாலே மை இறங்கிவிடும். பதினைந்து கிராம் பேனாவின் எடையே அதற்குத் தாராளம். மீதி எடையைக் கை சும்மா சுமக்கிறது. அந்த எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். உலோக மூடியைப் பின்னால் செருகிக்கொண்டால் கனம் கட்டைவிரல் இடுக்குக்கு அப்பால் போய்விடும். நிப்பு ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் பின்னால் இருக்கும் கனம் எதிர்த்திசையில் அசையும். சாய்ந்து ஓடும் ஆங்கிலக் கூட்டெழுத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. தமிழ் எழுத்தோ சுழி. ‘ண’ ஒன்றை எழுதி முடிப்பதற்குள் நிப்பு எத்தனை முறை வளைந்து திரும்புகிறது என்று பார்த்தால் போதும். ‘ஞ’, ‘ழ’, ‘ஐ’ எல்லாம் அதே இனம். சின்னச் சின்ன வட்டங்களைச் சலிக்காமல் போட வேண்டிய கைக்குப் பின்கனம் உள்ள பேனா எதிரி. பேனாவைப் பற்றிய ஐரோப்பிய, அமெரிக்க மதிப்பீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் தமிழ் வாசகர் இந்த ஒன்றையாவது கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பிடி. லாமி நிறுவனத்தின் ஸ்டூடியோ பேனா இதற்கு நல்ல சாட்சி. மெலிந்து நீண்ட, கண்ணுக்கு அழகான உலோக உடல். அதன் சில வகைகளில் விரல் பிடிக்கும் இடமும் குரோம் பூசிய வழவழப்பு. அந்த வழவழப்பைப் பற்றிய புகார் அந்தப் பேனாவின் கூடவே பிறந்தது. குளிர்நாட்டு அறையிலேயே நழுவுகிறதென்றால் மே மாதச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் சொல்ல வேண்டியதில்லை. வேர்வை படிந்த பளபளப்பான உலோகத்தை நழுவாமல் பிடிக்க விரல்கள் இறுக்குகின்றன. கனமான பேனா அழுத்தத்தைக் குறைக்கும் என்றார்களே, அந்த லாபம் இந்த இறுக்கத்தில் கரைந்துபோகிறது. விரல் நோவது எழுதுவதால் வருவதைவிட இறுக்கிப் பிடிப்பதால் வருவதே அதிகம். உலோகப் பிடியே கூடாது என்பதில்லை. 1966-இல் வந்த லாமி 2000-இல் பிடியின் முன்பகுதி எஃகுதான். அதை மெருகேற்றாமல் நுண்கோடுகளாக உராய்த்து விட்டிருப்பதால் விரல் நிற்கிறது. அந்தப் பேனாவின் உடலோ மக்ரோலான் என்ற பிளாஸ்டிக். உலோகத்தைக் கொஞ்சமாக, யோசித்து வைத்திருக்கிறார்கள்.

நிப்பைப் பற்றிப் பேசாமல் விலையைப் பற்றிப் பேச முடியாது. அதே லாமியின் சஃபாரி 1980-இல் மாணவர்களுக்காக வந்த பிளாஸ்டிக் பேனா. அதில் இருக்கும் எஃகு நிப்பைக் கழற்றி எஃகு நிப்பு ஸ்டூடியோவில் மாட்டலாம், அதைக் கழற்றி இதில் மாட்டலாம். இரண்டும் ஒரே நிப்பு. விலை வித்தியாசம் முழுவதும் உடலில் இருக்கிறது. தாளைத் தொடும் புள்ளியில் காசுக்கு வேலையே இல்லை. சரி, தங்க நிப்பு வாங்கினால்? பதினான்கு காரட் நிப்பில் பாதிக்குச் சற்று மேல் தங்கம், பதினெட்டு காரட்டில் முக்கால் பங்கு. ஆனால் தாளில் உரசுவது தங்கம் கிடையாது. நுனியில் பற்றவைத்த கடினமான உலோகக் கலவைக் குருணை. எஃகு நிப்பிலும் அதே இனக் குருணைதான். தங்கம் தருவது சற்று நெளிவும், மையின் அமிலத்தைத் தாங்கும் குணமும். இவை உண்மையான நன்மைகள், ஆனால் இவற்றைப் பெற உலோக உடல் வேண்டியதில்லை. மோன்ட்பிளாங்கின் பெரிய பேனாவான மைஸ்டர்ஷ்டூக் 149, 1952 முதல் தங்க நிப்போடும் பிளாஸ்டிக் உடலோடும்தான் இருந்துவருகிறது. அதைக் கௌரவக் குறைவு என்று யாரும் சொன்னதில்லை.

பார்க்கர் 75-ஐ இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் அதன் மேல் மதிப்பு கூடுகிறது. அதன் தங்க நிப்பைப் பிடிக்குள்ளேயே இடவலமாகத் திருப்பலாம். எவ்வளவு திருப்பினோம் என்று பார்க்க ஆரம்பகாலப் பேனாக்களில் வளையத்தில் கோடுகளே போட்டிருந்தார்கள். பேனாவைச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி; முப்பட்டைப் பிடி விரலை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவதால், நிப்பைக் கைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள வழி செய்தார்கள். வெள்ளியின் கட்டக்கோலமும் வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. காற்றிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுக்கும். அந்தக் கறுப்பு பள்ளங்களில் தங்கிக் கோலத்தையே எடுப்பாக்குகிறது, கீறலையும் மறைக்கிறது. 1990-களின் தொடக்கம்வரை அந்தப் பேனா உற்பத்தியில் இருந்ததற்கு வெள்ளியைவிட இந்த யோசனைகள்தான் காரணமாக இருக்க வேண்டும். அதே நிறுவனம் 1970-இல் எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. விண்வெளிக் காலத்தின் மோகத்தில் டி-1 என்று ஒரு பேனா. உடல், பிடி, நிப்பு எல்லாமே டைட்டானியம். நிப்பு தனி உறுப்பாக இல்லாமல் பிடியிலிருந்தே நீண்டு வந்தது. டைட்டானியம் எஃகைவிட இலேசு, துருப்பிடிக்காது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அதைக் கடைவதும் வடிவுக்குக் கொண்டுவருவதும் பெரும்பாடாகிச் செலவு ஏறியது. ஏறக்குறைய ஓராண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் அதைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். எழுதுவதற்காக வாங்குபவர் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை மைக்கொள்ளளவு. மை அமிலமாகவோ காரமாகவோ இருக்கும், பித்தளையை அரிக்கும். எனவே உலோகப் பேனாவின் உடலில் நேராக மை ஊற்ற முடியாது. உள்ளே மை அடைத்த கார்ட்ரிட்ஜோ, மையை உறிஞ்சி நிரப்பும் கன்வர்ட்டரோ வேண்டும். கன்வர்ட்டரில் ஒரு மில்லிக்கும் குறைவாகவே மை பிடிக்கும். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் கடைந்து தருகிற எபோனைட் பேனாவில் ஃபில்லரால் மை ஊற்றினால் இரண்டு மூன்று மில்லி கொள்ளும். நிறைய எழுதுபவருக்கு இது நாள்தோறும் தெரியும் வித்தியாசம். உடலிலேயே மை ஊற்றும் பேனாவில், மை குறைந்ததும் கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து சொட்டு விழும் என்று பதில் சொல்லலாம். சொட்டு விழுவது உண்மை. ஆனால் எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், சொட்டு குறையும். உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி.

உலோகத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் கனமானது ஆயுள் பற்றிய வாதம். பிளாஸ்டிக் உடையும், உலோகம் பேரன் காலம்வரை இருக்கும் என்கிறார்கள். உடல் இருக்கும்தான். ஆனால் பேனா சாவது உடலால் அல்ல. கீழே விழுந்து நிப்பு வளைவதாலும், கன்வர்ட்டரின் அடைப்பான் தேய்வதாலும், மூடிக்குள் காற்றடைப்புப் போய் மை உலர்வதாலும்தான் அது பயன்படாமல் போகிறது. மேசையிலிருந்து விழும் பேனா தரையில் மோதும் வேகம் கனத்தைப் பொறுத்து மாறாது. மோதும் சக்தி மாறும். முப்பது கிராம் பேனா பதினைந்து கிராம் பேனாவைவிட இரு மடங்கு சக்தியோடு தன் நிப்பின் மேல் விழுகிறது. வெள்ளி மென்மையானது, சொட்டை விழும். பித்தளை மேல் பூசிய அரக்கு உதிரும். மறுபக்கம், 1941-இல் வந்து முப்பதாண்டுகள் விற்ற பார்க்கர் 51-ஐ எடுத்துக்கொள்ளலாம். உடல் லூசைட் பிளாஸ்டிக், மூடி மட்டும் உலோகம். அந்தக் காலத்துப் பேனாக்கள் இன்றும் எழுதுகின்றன. நம் ஊர்க் கடைகளில் வெகுகாலம் ‘ஃபாரின் பேனா’வாக உலவிய சீன ஹீரோ, அதே அமைப்பைப் பார்த்துச் செய்ததுதான். திறந்து மூடும்போது தேய்கிற, சட்டைப்பையில் அடிபடுகிற, விளிம்பில் விரிசல் விடக்கூடிய உறுப்பு மூடி. அங்கே உலோகம் தன் வேலையைச் செய்தது. விரலுக்கும் தாளுக்கும் நடுவே அது வரவில்லை.

உடலில் உலோகம் தேவையில்லை என்ற இந்த வாதத்துக்கு ஒரு பேனா உண்மையிலேயே விதிவிலக்கு: பைலட்டின் கேப்லெஸ். 1963-இல் தொடங்கிய இந்த வரிசையில் மூடியே கிடையாது. இன்றைய கேப்லெஸில் பொத்தானை அழுத்தினால் நிப்பு வெளியே வரும். மறுபடி அழுத்தினால் உள்ளே போய்ச் சின்னக் கதவு ஒன்று சாத்திக்கொள்ளும், மை உலராது. அந்த எந்திரம் உறுதியாக இயங்க பித்தளை உடல் கைகொடுக்கிறது. அலங்காரத்துக்காகச் சேர்த்த எடையும் வேலைக்காக வந்த எடையும் ஒன்றில்லை. அதிலும் முப்பது கிராம் சிலருக்கு அதிகம் என்று நிறுவனமே உணர்ந்திருக்க வேண்டும். பின்னாளில் இலேசான, மெலிந்த டெசிமோவை அதே வரிசையில் கொண்டுவந்தது.

எஞ்சுவது மகிழ்ச்சி. வெள்ளிப் பேனா மேசைமேல் இருந்தால் எழுதத் தோன்றும், தோன்றுவதே பாதி எழுத்து என்பவரை இலேசில் மறுக்க முடியாது. கருவியின் மேலுள்ள ஆசை பழக்கத்தை வளர்க்கும். ஆனால் அந்த ஆசை முதல் பக்கத்தில் எப்படி இருக்கிறது, ஆறாம் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்பதே அன்றாடத்துக்கான கேள்வி. தவிர, விலையுயர்ந்த பேனாவுக்குக் காவல் வேண்டும். வங்கியில் பக்கத்தில் நிற்பவர், “ஒரு நிமிஷம் பேனா குடுங்க சார்” என்று கை நீட்டும்போது, மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு உடலை மட்டும் நீட்டுவது நம் ஊர்த் தந்திரம். முப்பதாயிரம் ரூபாய்ப் பேனாவுக்கு அந்தத் தந்திரமும் போதாது. அதனால் அது வீட்டிலேயே தங்கும். அதோடு விலையுயர்ந்த ஐரோப்பிய நிப்புகள் மையைத் தாராளமாக விடுபவை. வங்கிச் சீட்டும் மலிவான நோட்டும் அந்த மையைத் தாங்காமல் பின்பக்கம் ஊறும். நல்ல தாளும் பத்திரமான மேசையும் இருக்கும் இடத்தில் மட்டும் எழுதும் பேனாவுக்கு அன்றாடம் என்ற சொல் பொருந்தாது.

ஆகவே தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் மனம்போனபடி மாறாது. நாள் முழுவதும் இரண்டு வரி எழுதி, மூடி வைத்து, மறுபடி எடுக்கும் மருத்துவருக்கும், கோப்புகளில் குறிப்பெழுதும் அதிகாரிக்கும் கேப்லெஸ் போன்ற உலோகப் பேனா சரியான கருவி. அவர்கள் கையில் எடை தங்கும் நேரமே குறைவு. பழைய பார்க்கர் 75 நல்ல நிலையில் கிடைத்தால், மூடியைப் பின்னால் செருகாமல் எழுதும் பழக்கமுள்ளவர் கவலையின்றி வாங்கலாம். பக்கம் பக்கமாக எழுதுபவர் அந்தப் பணத்தில் தங்க நிப்பு போட்ட எபோனைட் பேனா ஒன்றும், மை ஊறாத தாள் சில கட்டும் வாங்கிக்கொள்ளட்டும். கிளிப்பும் மூடியின் வளையமும் உலோகமாக இருந்தால் போதும்.