வில் வளையாத காவியம்

சித்தூரில் எங்கள் மனையைப் பங்காளி ஒருவர் ஏமாற்றி எழுதி வாங்கியதிலிருந்து எனக்குள் பழிவெறி. திருப்பதிக்குக் குடிவந்த பிறகும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும் உள்ளே இறங்கவில்லை. இறங்கியது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894).

வைணவராய்ப் பிறந்து 1858இல் கிறித்தவரான அவர் கம்பனில் ஊறியவர். ஜான் பனியனைத் தழுவிய இந்நூலில் நீண்ட உபதேசங்கள் சலிப்புத்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் இரட்சணிய சரிதப் படலம் வேறு. கம்பன் நடையைக் கேட்டாலே வில் எப்போது வளையும் என்று காத்திருக்கும் காது நமக்கு. இங்கே அதே நடையில் நாயகன் கட்டுண்டு, ஏச்சுக்குப் பதில் பேசாமல் நிற்கிறான். அவனைக் கட்டியது கயிறல்ல, ஏசுகிறவர்கள் மேல் வைத்த அன்பு என்கிறார் கவிஞர். அவர்களுடைய கல்மனசுக்காக அவன் வருந்துகிறான்.

மனை வழக்கை நான் விடவில்லைங்க. பங்காளி மகள் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.