பாதரசமா, பற்றாக்குறையா?

2004 அக்டோபர் 5 அன்று, லிவர்பூலில் இருந்த கைரான் நிறுவனத்தின் ஃப்ளூ தடுப்பூசி ஆலையின் உரிமத்தை பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது. ஊசிமருந்தின் சில தொகுதிகளில் செர்ரேஷியா என்னும் பாக்டீரியா கலந்திருந்தது. அந்தக் குளிர்காலத்துக்கு அமெரிக்கா நம்பியிருந்த ஏறத்தாழ 10 கோடி டோஸ் ஃப்ளூ தடுப்பூசியில் பாதி ஒரே நாளில் இல்லாமற்போனது. உரிமத்தை நிறுத்தியது சரிதான். கிருமி கலந்த மருந்தைப் பற்றாக்குறைக்கு அஞ்சிக் கடைக்கு விட முடியாது. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது. அவ்வளவு பெரிய நாடு ஊசிக்கு இரண்டே ஆலைகளை நம்பி நின்றது.

லிவர்பூல் ஊசிக்கு நான்கு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் போட உரிமமே கிடையாது. கைக்குழந்தைகளுக்கு இருந்தது பென்சில்வேனியாவில் அவென்டிஸ் தயாரித்த ஊசி ஒன்றுதான். ஆனால் லிவர்பூல் சரக்கு நின்றதும் முதியவர்களும் இதய நோயாளிகளும் அதே ஊசிக்கு வந்து நின்றார்கள். 6 முதல் 23 மாதக் குழந்தைகள் அனைவருக்கும் ஃப்ளூ ஊசி போடும்படி முதன்முறையாகப் பரிந்துரைத்த ஆண்டும் அதுவே. முந்தைய பருவத்தில் ஃப்ளூவால் 153 பிள்ளைகள் இறந்திருந்தார்கள்.

இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் குழந்தைகள் கிளினிக்குகளில் பெற்றோர் கேட்ட கேள்வி, "இதில் பாதரசம் இருக்கிறதா?" என்பது. பத்து டோஸ் குப்பிகளில் தைமெரோசல் என்னும் பாதரசம் கொண்ட பதனப்பொருள் இருந்தது. அது சேர்க்காத சின்னஞ்சிறு சிரிஞ்சுகள் குறைவு. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். முன்னெச்சரிக்கையாகத் தைமெரோசலை நீக்கலாம் என்று 1999-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருந்தது. ஆனால் தைமெரோசலில் இருப்பது எத்தில் பாதரசம். மீனில் சேரும் மெத்தில் பாதரசத்தைவிட வேகமாக உடலைவிட்டு நீங்கிவிடும். ஆட்டிசத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகக் கொள்ளச் சான்று இடம் தரவில்லை என்று 2004 மே மாதமே அமெரிக்க மருத்துவக் கழகம் அறிவித்தது.

தைமெரோசல் குப்பிக்குள் ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1928-இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில், பதனப்பொருள் சேர்க்காத பல டோஸ் பாட்டிலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி புகுந்தது. அதிலிருந்து டிஃப்தீரியா ஊசி போட்ட 12 குழந்தைகள் இறந்தார்கள். மீண்டும் மீண்டும் ஊசி குத்தி எடுக்கும் குப்பியில் பதனப்பொருள் காவல் நிற்கிறது.

ஆகவே, பாதரசமில்லாத சிரிஞ்சு வரட்டும் என்று கைக்குழந்தையைக் காத்திருக்க வைப்பது தவறு. 2004-இலேயே கலிபோர்னியா இந்தப் பாதரசத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் இயற்றியது. 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்ததும் அதே சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. உண்மையான நஞ்சாக இருந்தால் தட்டுப்பாட்டு நாளில் அதன் குணம் மாறியிருக்காது.

ஆனால் அந்தப் பருவத்தின் இன்னொரு முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. முதன்முறை போட்டுக்கொள்ளும் சிறு பிள்ளைக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். இரண்டாவதற்காக மருந்தை ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியது. அதிகம் பேருக்கு ஒரு டோஸாவது போய்ச்சேரட்டும் என்பது அதன் கணக்கு. பெரியவர்களுக்கு அது பொருந்தும். ஃப்ளூவையே கண்டிராத ஒரு வயதுக் குழந்தைக்கு முதல் டோஸ் உடலைப் பழக்குவதோடு சரி. காப்பின் பெரும்பகுதி இரண்டாவதில்தான் வருகிறது. முதல் ஊசி போட்ட அன்றே இரண்டாவதை அந்தக் குழந்தையின் பெயரில் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.