முடியாது, மாட்டேன், கூடாது

திருவல்லிக்கேணியில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் நண்பர் போன் செய்து, "சார், இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது" என்றார்.

எது, எதில் என்று விசாரித்தேன். அவரிடம் 2004-இல் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று இன்னமும் ஓடுகிறது. அதில் பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் இருக்கின்றன. இருபது வருஷமாக அவர் அடித்துக் கொடுத்த கவிதைத் தொகுதிகள், தல புராணங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதற்குள்தான். அந்த எழுத்துருக்கள் இல்லாத மெஷினில் திறந்தால் தமிழெல்லாம் போய் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொட்டும். எனவே எக்ஸ்பியைக் கைவிட முடியாது. ப்ரூஃப்களை மெயிலில் அனுப்புவதற்கு ஒரு பிரவுஸரின் புதுப் பதிப்பை ஏற்றப் பார்த்திருக்கிறார்.

"என்ன சொல்லுது?"

"'நாட் எ வேலிட் வின்32 அப்ளிகேஷன்'னு வருது. நான் டவுன்லோடு பண்ணது டூப்ளிகேட்டா சார்?"

நாவலை விமரிசிக்கிறோம், சினிமாவை விமரிசிக்கிறோம். கோடிக்கணக்கான பேர் படிக்கும் எர்ரர் மெசேஜ்களை மட்டும் விட்டுவிடுகிறோம். இந்த வாரம் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கமான, உறுதியான வாக்கியம். பல சமயங்களில் பொய். டவுன்லோடு பாதியில் அறுந்திருந்தாலும் இதே வரிதான். 64 பிட் ப்ரோக்ராமை 32 பிட் எக்ஸ்பியில் போட்டாலும் இதே வரிதான். ஃபைலில் ஒரு குறையும் இல்லை, உங்கள் விண்டோஸ்தான் பழசு என்றாலும் இதே வரிதான். கடைசி கேஸில் குற்றம் ஃபைலின் மேல் விழுகிறது, பழி நண்பரின் மேல்.

நடப்பது இதுதான். விண்டோஸில் ஓடும் ப்ரோக்ராம் ஃபைல்கள் எம், இஸட் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். மைக்ரோசாஃப்டில் இருந்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல்கள் அவை. சற்றுத் தள்ளி, 'இந்த ப்ரோக்ராமுக்குக் குறைந்தபட்சம் இந்த விண்டோஸ் தேவை' என்று ஓர் எண் எழுதியிருக்கும். எக்ஸ்பிக்கு 5.1, விஸ்டாவுக்கு 6.0, விண்டோஸ் 7-க்கு 6.1. நிஜமாகவே தலையெழுத்து! 2012-இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ, புதிதாக எழுதும் ப்ரோக்ராம்களின் தலையில் தானாகவே 6.0 என்று போட்டது. 'ஹலோ' சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்யாத ப்ரோக்ராமுக்கும் அதே எண்தான். எக்ஸ்பி அதைப் பார்த்ததும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எக்ஸ்பிக்கும் சேர்த்து எழுதும் வசதி ஒரு அப்டேட்டில்தான் வந்தது. சில ப்ரோக்ராம்களில் அந்த எண்ணை மட்டும் கையால் திருத்தி, எக்ஸ்பியில் ஓட வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

தமிழில் நாம் ஜடப்பொருள்களுக்கும் மனசு கொடுத்துப் பேசுகிறோம். 'கதவு திறக்க மாட்டேங்குது', 'வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.' கதவுக்கு ஏது விருப்பு வெறுப்பு? ஆனால் சாஃப்ட்வேர் விஷயத்தில் இது அட்சரசுத்தமான வாக்கியம். 'மாட்டேன்' என்று ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்.

எல்லா மறுப்பும் இப்படி இல்லை. நிஜமான 'முடியாது'வும் உண்டு. கம்ப்யூட்டரைப் போட்டு எத்தனை மில்லிசெகண்டு ஆயிற்று என்று எண்ண விண்டோஸில் ஒரு பழைய ஃபங்ஷன் உண்டு. 32 பிட்டில் எண்ணுவதால் 49.7 நாளில் கணக்கு நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். விஸ்டாவில் அதற்கு 64 பிட்டில் ஓர் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். புது ப்ரோக்ராம் அந்த அண்ணனைக் கூப்பிட்டால் எக்ஸ்பியில் ஆள் இல்லை. இதுபோல நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்கள். இல்லாதவரைக் கூப்பிட்டால் யார் வருவார்கள்?

இல்லாததைச் செய்து கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 98-க்கு கெர்னல்எக்ஸ், விண்டோஸ் 7-க்கு விஎக்ஸ்கெக்ஸ் என்று, புது ப்ரோக்ராம்கள் தேடும் ஃபங்ஷன்களைப் பழைய விண்டோஸுக்குள் நுழைக்கும் ஒட்டுகள். க்ரோமியத்தைத் திருத்தி எக்ஸ்பியிலும் ஓட வைக்கும் சூப்பர்மியம். ஆர்வலர்களின் உழைப்பு இவை. மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்பவருக்குக் கல்யாணமோ, புது வேலையோ வந்துவிட்டால் அடுத்த அப்டேட்டுக்கு எங்கே போவது என்பதையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு 'கூடாது.' அதாவது, ஓடும், ஆனால் ஆபத்து. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. அதற்குப் பின் கண்டுபிடிக்கும் ஓட்டைகளுக்கு வழக்கமான பாட்ச் கிடையாது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆப்பரேஷன்களையே தள்ளிப்போட வேண்டி வந்தது. கையோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் இலவசமாகப் பாட்ச் வெளியிட்டது. ஆதரவு முடிந்து மூன்று வருஷம் கழித்து! தனியாகப் பணம் கட்டின நிறுவனங்களுக்கு எக்ஸ்பி பாட்ச்கள் அதுவரை போய்க்கொண்டுதான் இருந்தன. 'முடியாது' என்று நாம் நம்பியது, காசு கட்டாதவர்களுக்கு மட்டும் 'மாட்டேன்.'

இதில் எக்ஸ்பியை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. வான்னாக்ரையில் மாட்டியவை பெரும்பாலும் விண்டோஸ் 7 மெஷின்கள். அதற்கு ஆதரவு இருந்தது. பாட்சும் இரண்டு மாசம் முன்பே, மார்ச்சில், வந்திருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. பழசாக இருப்பதைவிடப் பராமரிக்காமல் இருப்பது மோசம்.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. ஒவ்வொரு பழைய விண்டோஸிலும் ப்ரோக்ராமை ஓட்டிச் சோதிக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். என்றைக்காவது ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். க்ரோம் 2023-இல் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐ விட்டது. ஃபயர்ஃபாக்ஸோ, அதே வருஷம் வந்த 115-ஐ அந்தப் பழைய மெஷின்களுக்கென்று வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் மேலும் நீட்டித்தது. புது வசதி கிடையாது, ஓட்டை மட்டும் அடைக்கப்படும். இதுதான் கௌரவமான விடைகொடுப்பு.

என் கோரிக்கை சின்னது. மறுக்கும்போது எந்த மறுப்பு என்று சொல்லிவிடுங்கள். 'உங்கள் விண்டோஸில் இதற்குத் தேவையான ஒன்று இல்லை' என்றால் புரிந்துகொள்வோம். 'ஓடக்கூடும், ஆனால் நாங்கள் சோதிக்கவில்லை' என்றால், வேண்டியவர்கள் துணிந்து பார்ப்பார்கள். 'ஓடும், ஆனால் நெட்டில் போனால் ஆபத்து' என்றால் ஜாக்கிரதையாக இருப்போம். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்கிறார்கள். அது இல்லாத, மற்றபடி நன்றாக ஓடும் மெஷின்களை வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது: என் கம்ப்யூட்டரால் முடியாதா, நீங்கள் மாட்டீர்களா?

நண்பருக்கு என்ன சொன்னேன்? பிரவுஸரை மறந்துவிடுங்கள். எக்ஸ்பியின் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். அது பேஜ்மேக்கருக்கு மட்டும் இருக்கட்டும். மெயிலுக்குச் சுமாரான வேறு மெஷின் போதும். பென் டிரைவிலும் வைரஸ் வரும், கவனம். முக்கியமாக, ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போடுவதற்குள் புத்தகங்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் எர்ரர் மெசேஜ் கொடுத்துவிட்டுத்தான் போகும் என்று நிச்சயமில்லை.

"எல்லாத்தையும் மாத்தி முடிக்கறதுக்குள்ள எனக்கே சப்போர்ட் நின்னுடும் சார்" என்றார். இருந்தாலும் ஆரம்பித்துவிட்டார். இதுவரை மூன்று தல புராணங்கள் ஆகியிருக்கின்றன. 'ஸ்ரீ' வரும் இடத்தில் எல்லாம் ஒரு டாலர் குறி விழுகிறதாம். கையால் திருத்திக்கொண்டிருக்கிறார்.