ஜிஸ்மும் ஜஸதும்: திரையில் உழைப்பாளியின் உடல்

உடலைக் குறிக்க அரபியில் ஜிஸ்ம், ஜஸத் என இரு சொற்கள் வழங்குகின்றன. தாலூத்துக்கு அறிவோடு அருளப்பட்ட உடல் வலிமையைத் திருக்குர்ஆன் ஜிஸ்ம் என்கிறது. ஸாமிரியின் கன்றுக்குட்டியையோ ஜஸத் என்கிறது. அக்கன்றுக்கு ஓசை இருந்தது. மறுமொழி கூறும் ஆற்றல் இல்லை. எல்லா இடங்களிலும் இவ்வேறுபாடு கறாராகப் பேணப்படுவதில்லை எனினும், திரைப்படத்தை மதிப்பிட இது நமக்கு நல்லதோர் அளவுகோல். உழைப்பாளியை அது இவ்விரண்டில் எதுவாகக் காட்டுகிறது?

ஸெனகல் நாட்டு உஸ்மான் ஸெம்பேன் 1966-இல் பிரெஞ்சு மொழியில் அளித்த படம் 'லா நுவார் தெ...'. 'இன்னாருடைய கறுப்புப் பெண்' என்பது பொருள். உடைமையாளரின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். செய்தித்தாளில் வந்த ஒரு தற்கொலைச் செய்தியிலிருந்து பிறந்த கதை இது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவென டக்காரிலிருந்து பிரான்சுக்கு அழைத்துவரப்பட்ட தியுவானா, அங்கே சமைக்கவும் துலக்கவும் மட்டுமே பயன்படுகிறாள். விருந்துக்கு வந்தவன் ஒருவன் அவளது அனுமதியின்றியே முத்தமிடுகிறான். தாய்க்கு அவள் எழுதவேண்டிய கடிதத்தை எசமானனே எழுத முற்படுகிறான். அவளது மனக்குரலும் பிரெஞ்சில், வேறொருத்தியின் குரலில் ஒலிக்கிறது. இதைக் குறையென்பாரும் உளர். தன் நாவும் தனதாயிராத நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது என்பதே நம் கருத்து.

நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். விடியுமுன் ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று சிறாரை ஏற்றிவந்த காலம் ஒன்றிருந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆலைக்கும் சென்ற அக்குழந்தைகளைப் பற்றி 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படம் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. தொழில் நகரின் பெருமைப் பெயரையே அது கேள்வியாக்கியது. அதில் குழந்தைகள் தம் சொந்தத் தமிழில் பேசுகிறார்கள். தியுவானாவுக்குக் கிட்டாத மறுமொழி அவர்களுக்குக் கிட்டியது. அதுவே அப்படத்தின் சிறப்பு.

அதன்பின் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் தொலைக்காட்சிக் காட்சிகளே. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய நாள்களில்தான் ஒளிப்படக் கருவிகள் இங்கு வருகின்றன. வெந்த உடல்களைக் காட்டிவிட்டு, நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டதும் திரும்பிவிடுகின்றன. மருந்து செலுத்திய அக்கைகள் உயிரோடிருந்த நாளில் என்ன கூறின என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஸெம்பேனின் படத்தில், எசமானன் கொண்டுவந்த கூலிப் பணத்தைத் தியுவானாவின் தாய் வாங்க மறுக்கிறாள். முகமூடி அணிந்த சிறுவன் ஒருவன் அவனைப் பின்தொடர்கிறான். நம்மூர்த் தாய்மார்களால் அப்பணத்தை மறுக்க இயலாது. அவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் அறமன்று. எனவே, பின்தொடரும் கடமை பார்வையாளராகிய நம்மைச் சேர்கிறது. உடல் ஓர் அமானிதம் என்று நம்புவோர், அது சாம்பலான பின் மட்டும் அதனைப் பார்க்கக் கூடாது.