கழற்றி எறிந்த வால்வு

பழைய வாகனத்தின் எஞ்சின் சூடேறத் தொடங்கினால் இலங்கையின் வடக்கே வன்னியில் பெரும்பாலும் முதலில் கழற்றப்படுவது தேமோஸ்ரற் வால்வுதான். எஞ்சினிலிருந்து றேடியேற்றருக்குப் போகும் தண்ணீரின் வாசலில் நின்று, சூடு போதிய அளவு ஏறும்வரை வழியை அடைத்து வைத்திருக்கும் சின்னஞ்சிறு உறுப்பு அது. அதைக் கழற்றிப் போட்டு, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி அனுப்பிவிட்டால் மீற்றர் முள் கீழே இறங்குகிறது. உரிமையாளரும் திருப்தியாகப் போகிறார். வெக்கை நாட்டுக்கு இந்த வால்வு எதற்கு என்பதுதான் சொல்லப்படும் நியாயம். இந்த வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது பிழை. ஒரு காலத்தின் நெருக்கடி கற்றுக்கொடுத்த கெட்டித்தனம் இது. ஆனால் நெருக்கடி போன பின்னும் அதுவே நோயறியும் முறையாக நிலைத்துவிட்டது. எஞ்சின் ஏன் கொதித்தது என்ற கேள்வி அங்கேயே நின்றுபோகிறது.

1990 முதல் 2002 வரை போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இருந்த இந்த நிலத்தில் ஒரு வால்வு பழுதானால் புதியது வாங்க இடமில்லை. வால்வுக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரியும்போதுதான் வாசல் திறக்கும். அது மூடியபடியே இறுகிவிட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். பழுதாகக்கூடிய ஓர் உறுப்பை முன்கூட்டியே நீக்கிவிடுவது அந்த நிலையில் முழுக்க அறிவான முடிவு. பழைய மொறிஸ் மைனர் போன்ற வார்ப்பிரும்பு எஞ்சின்களும் அதைப் பொறுத்துக்கொண்டன. ஆனாலும் அதே காலத்தின் இன்னொரு பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் ஆவியாக எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கவேண்டும். அந்த வகை எண்ணெயில் ஓடவே தயாரிக்கப்பட்ட உழவு இயந்திரங்கள் சிலவற்றில், சூட்டைத் தக்கவைக்க றேடியேற்றருக்கு முன்னால் திரை கட்டும் ஏற்பாடே இருந்தது. வால்வு இல்லாமல் குளிர்ந்தே ஓடிய எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவி, கீழே வடிந்து, எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். மண்ணெண்ணெயின்மேல் போட்ட தேய்மானப் பழியில் ஒரு பங்கு கழற்றிய வால்வுக்கும் உரியது.

வால்வின் வேலை குளிர் நாட்டுக்கு மட்டுமானது என்ற எண்ணமே பிழையின் வேர். பல எஞ்சின்களில் அது திறக்கத் தொடங்குவது 82 அல்லது 88 பாகையில். வெளியே 34 பாகை என்றாலும் எஞ்சின் விரும்பும் சூட்டுக்கு இன்னும் ஐம்பது பாகை இருக்கிறது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. பல ஜப்பானிய எஞ்சின்களில் இந்த வால்வுக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கும். மேல்வாசல் திறக்கும்போது அந்தத் தட்டு, றேடியேற்றரைத் தொடாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடைக்கும். வால்வைக் கழற்றினால் இரண்டு வழியும் திறந்தே கிடக்கும். தண்ணீரின் ஒரு பகுதி ஆறாமலேயே சுற்றிச் சுற்றி வரும். ஏற்றத்தில், சுமையோடு போகும்போது எஞ்சின் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும்.

ஒரு கொதிப்பின் விலையை மிகக் கொடூரமாகக் காட்டுவது மஸ்டாவின் சுழல் எஞ்சின். 1978 முதல் 2002 வரை வெளிவந்த ஆர்.எக்ஸ்-7 காரில் பிஸ்ரனுக்குப் பதில் முக்கோணச் சுழலியே சுழலும். எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில் நிகழ்வதால் அந்தப் பக்கம் தீராத சூட்டிலும் எதிர்ப்பக்கம் குளிர்ச்சியிலும் இருக்கும். இரும்புத் தட்டுகளுக்கிடையில் அலுமினியக் கூடு, நடுவில் தண்ணீரை அடைக்கும் றப்பர் வளையங்கள். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் போதும், வளையங்கள் வெந்து தண்ணீர் எரியறைக்குள் கசியத் தொடங்கும். ஆகவே அதன் கைதேர்ந்த மெக்கானிக்குகள் எதையும் கழற்றுமுன் வரிசையாகப் பார்க்கிறார்கள்: தண்ணீர் மட்டம், உள்ளே அடைபட்ட காற்று, மூடியின் அழுத்தம், காற்றாடியின் பிடி, றேடியேற்றரின் அடைப்பு, கடைசியாகத் தண்ணீரில் எரிவாயுக் குமிழ் வருகிறதா என்று. அந்த ஒழுங்குதான் வன்னியின் வானுக்கும் காருக்கும் தேவை.

ஏனென்றால் இங்கே உண்மையான குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. வன்னியின் பல கிணறுகளின் நீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளை அதே நீர் காய்ச்சப்பட்டதன் அடையாளம். எஞ்சினுக்குள்ளும் அது காய்கிறது, றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் அதே வெள்ளை படிகிறது. கரையோரத்தில் உவர் கலந்த நீரோ அலுமினியத்தைத் தின்னும். சூடடிப்புக் காலத்தில் வயலில் நிற்கும் உழவு இயந்திரத்தின் றேடியேற்றரை வெளியிலிருந்து பதரும் தூசியும் மூடுகின்றன. வால்வைக் கழற்றியவுடன் ஓட்டம் கூடுவதால் இந்த அடைப்பு கொஞ்சநாள் மறைந்துகிடக்கும். குறைந்த தண்ணீரை நிரப்ப மறுபடி கிணற்றுக்குத்தான் போகிறார்கள்; ஒவ்வொரு வாளியும் படிவைக் கூட்டுகிறது. ஒருநாள் ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் முள் சிவப்புக்குப் போகும்போது ஹெட் கஸ்கெற் போயிருக்கும்.

பத்து வருடமாக வால்வு இல்லாமல் ஓடுகிற வாகனங்களைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அப்படி ஓடுவது உண்மைதான்; ஆனால் தாங்கியது எந்த எஞ்சின், எவ்வளவு ஒயிலைக் குடித்து, எவ்வளவு எரிபொருளை வீணாக்கித் தாங்கியது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். செலவைக் காட்டும் மறுப்பை நான் இன்னும் மதிக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஐந்து ஆண்டுகள் பழைய வாகனமே குடும்பத்தின் உழைப்பாக இருந்தது. தினக்கூலிக்கு வான் ஓட்டுபவரிடம் புதிய றேடியேற்றர் வாங்கச் சொல்வது எளிதல்ல. ஆனால் நோயறிவதற்குப் பணம் தேவையில்லை. தேநீர் காய்ச்சும் சட்டியில் வால்வைத் தொங்கவிட்டு, சூடுமானியோடு பார்த்தால் அது எந்தப் பாகையில் திறக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அதை மாற்றும் செலவு மிகச் சிறியது; அழுத்தம் பிடிக்காத மூடியோடு தண்ணீர் நூறு பாகையிலேயே கொதிக்கும், நல்ல மூடியோ அதை ஏறத்தாழ 120 வரை தாங்கவைக்கும். சந்தேகத்துக்காக வால்வைக் கழற்றி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதையும் நான் மறுக்கவில்லை. அது நல்ல சோதனை. சோதனை முடிந்ததும், நல்லதென்றால் பழையதை, கெட்டதென்றால் புதியதை, திரும்பப் பூட்டவேண்டும். நிரப்புவதற்குக் கூலன்ற் கட்டுப்படியாகாவிட்டால் பற்றரித் தண்ணியாவது வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் பீலியில் பிடித்து வைத்த மழைநீர் கிணற்று நீரைவிட எத்தனையோ மேல். மாரியில் அது வன்னியின் எல்லாக் கூரைகளிலிருந்தும் வடிகிறது.