ஒன்றரை மணிக்கு மேல் பிள்ளை யார் பொறுப்பு?

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி விட்டுவிடுகிறது. அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து, ரயிலேறி, வீடு வந்து சேர ஏழாகிவிடும். இந்த ஐந்தரை மணி நேரம் ஏழு வயதுப் பிள்ளை எங்கே இருக்கும், யார் சோறு போடுவார், திடீரென்று காய்ச்சல் அடித்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்? பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் சேரும் ஆண்டில் தேக்காவைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இலங்கையிலிருந்து வந்தவர்களும் ஒரே புளோக்கில் குடியிருந்தாலும் இந்தக் கவலையை ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அப்படி.

இலங்கைக்காரர்களுக்கு நீண்ட பிற்பகல் புதிதல்ல. அங்கும் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிகிறது. தாய் ஆசிரியையாக இருந்தால் பிரச்சினையே இல்லை, பிள்ளையோடு சேர்ந்தே வீடு திரும்பிவிடுவார். கச்சேரி எனப்படும் அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை என்றால் பிள்ளை அம்மம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரியூசனுக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் தனியார் கல்வி நிலையம் படிப்புக்கு மட்டும் உரிய இடமல்ல. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைக் காரணம் காட்டி, தாய் வீடு வரும்வரை பிள்ளையை வைத்திருக்கும் இடமும் அதுதான். பெற்றோர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் நேர அட்டவணையைப் பார்த்தாலே விளங்கும். ஆசிரியருடைய பொறுப்போ பாடத்தோடு முடிகிறது. அவர் வராத நாளில் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று கேட்க யாருமில்லை.

தமிழ்நாட்டில் பள்ளி மாலை நான்கு மணி வரை போகிறது. இடைவெளி சின்னது என்பதால் அதை ஒரு பிரச்சினையாகவே அங்கே யாரும் எண்ணுவதில்லை. பகல் சாப்பாட்டுக் கவலையை அரசே வாங்கிக்கொண்டது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்கு ஓடும் தாய்மாருக்கு உண்மையிலேயே பெரிய துணை. காலையையும் மதியத்தையும் இவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொண்ட மாநிலம் மாலையை மட்டும் குடும்பத்திடமே விட்டுவிட்டது. அதனால் நான்கு மணிக்கு வீடு வரும் பிள்ளை, பக்கத்துத் தெருவில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு டியூஷன் எடுக்கும் அக்காவிடம் போகிறது. நல்ல ஏற்பாடுதான். அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகும்வரை, அல்லது வேலை கிடைக்கும்வரை.

2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் இந்த மாலை நேரத்தைத் தொட்டது. கொரோனாவில் விட்டுப்போன பாடங்களை மீட்பதே அதன் நோக்கம். ஆனாலும் ஊர்க்காரப் பெண் ஒருவர் தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார முடியும் என்பதை அது காட்டியது. அவருக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கு ஒருவரை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்க முடியாது.

சட்டத்தைப் பார்த்தாலும் இலங்கை, இந்தியா இரு நாட்டிலும் ஒரே கதைதான். இலங்கை மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவம் எனும் காப்பகத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார். இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்கள் அதிகம் வேலைசெய்யும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைச் சொல்லியிருந்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடங்களிலெல்லாம் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் பிள்ளை பள்ளிக்கூடப் பையைத் தூக்கிய அன்றோடு இந்த அக்கறை எல்லாம் நின்றுபோகிறது. தாய் மாலை நாலரைக்கு மேல்தான் மலையிலிருந்து இறங்குவார். எட்டு வயது மகள் இரண்டு மணிக்கே லயத்துக்குத் திரும்பிவிடுகிறாள், பெரும்பாலும் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு அவள் யார் பொறுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் இங்கேதான் வேறுபடுகிறது. இன்று தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றிலும் மாணவர் பராமரிப்பு நிலையம் உண்டு. வகுப்பு முடிந்ததும் பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டாமலே அங்கே போய்விடலாம். சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், விளையாட்டு என்று மாலை ஏழு மணிவரை ஓடும். ஜூனில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஆறு வாரமும் பள்ளி விடுமுறை விடும்போது காலையிலிருந்தே திறந்திருக்கும். கட்டணம் கட்டச் சிரமப்படும் குடும்பங்களுக்கு, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகக் கட்டண உதவித் திட்டமும் இருக்கிறது. அதற்குத் தாய், தந்தை இருவரும் மாதம் குறைந்தது 56 மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும்.

கட்டடத்தையும் சலுகையையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வருகைப் பதிவேடு. ஒரு பிள்ளை வரவில்லை என்றால் சற்று நேரத்தில் பெற்றோரின் தொலைபேசி ஒலிக்கிறது. ஓர் ஆசிரியர் விடுப்பு எடுத்தால் இன்னொருவர் நிற்கிறார். நம்பகம் என்று நான் சொல்வது இதைத்தான். பாட்டியின் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் பாட்டிக்கு மூட்டுவலி வந்த நாளில் அவருக்குப் பதிலாக நிற்க ஆள் கிடையாது. யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்கும் தஞ்சாவூர்ப் பாட்டிக்கும் நாம் ஏற்றிவைத்திருக்கும் சுமை அதுதான்: ஒருநாள்கூட முடியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு இடமே இல்லை.

இங்கும் எல்லாம் நிறைவாக இல்லை. சில பள்ளிகளில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்கு மூடும் நிலையத்தால் இரவு வேலை பார்க்கும் தாதிக்கும், சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடையில் பத்து மணிவரை நிற்கும் தாய்க்கும் பயன் குறைவு. கட்டண உதவியோ சிங்கப்பூருடன் குடியுரிமைத் தொடர்புள்ள குடும்பங்களுக்கே. வேலை அனுமதியில் வந்த பெற்றோர் முழுக்கட்டணம் கட்ட வேண்டும். அவர்கள் ஊரிலிருந்து பாட்டியை அழைத்து நீண்டகாலம் வைத்துக்கொள்ளவும் மாதம் 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும். பாட்டி தாத்தா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், வேலைசெய்யும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக்கழிவு தரும் நாடு இது. அவர்களை வரவழைக்கும் வழியையும் இன்னும் கொஞ்சம் அகலமாக்கலாம்.

பராமரிப்பு நிலையம் பொருந்தாத வீடுகள் பணிப்பெண்ணை வைத்துக்கொள்கின்றன. இரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் இந்தியப் பெண்களும் இலங்கைப் பெண்களும் உண்டு. வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60ஆகக் குறைகிறது. இலங்கை 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதைத் தடுத்தது. பின்னர் அதைத் தளர்த்தியது. தாயைத் தடுப்பதற்கு அரசுக்கு வழி தெரிந்தது. அவள் பிள்ளை பாடசாலை விட்டு வரும் பிற்பகலுக்கு வழி தேட ஏன் தோன்றவில்லை?

வழி கடினமானதும் அல்ல. இலங்கையில் இரண்டு மணிக்கும் தமிழ்நாட்டில் நாலரைக்கும் பூட்டப்படும் வகுப்பறைகளில் ஒன்றை ஆறு மணிவரை திறந்துவைக்கலாம். ஊர்ப் பெண்கள் இருவருக்குத் தன்னார்வத் தொகையாக இல்லாமல் சம்பளமாகக் கொடுத்து, கையில் ஒரு வருகைப் பதிவேட்டையும் கொடுக்க வேண்டும். இருவர் என்று சொல்வது, ஒருவர் வராத நாளை எண்ணித்தான்.

அதுவரை, இலங்கைப் பெண்ணையோ தமிழ்நாட்டுப் பெண்ணையோ வேலைக்கு வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இலங்கையில் பாடசாலை விடும்போது இங்கே மணி நான்கு. தமிழ்நாட்டில் பள்ளி விடும்போது ஆறரை. உங்கள் வீட்டில் வேலைசெய்பவர் அந்த நேரத்தில் தன் பிள்ளையுடன் பத்து நிமிடம் பேசட்டும். அதைத் தினமும் அவருக்கு உறுதியாகக் கொடுங்கள்.